அரைப்பேர்க் கல்லூரி

“எம் மகளுக்கு அரைப்பேரு போட நீங்க யாருங்கய்யா? கூடையில கொழுந்து குறைஞ்சா அரைப்பேரு போடுவாங்க, தெரியும். காய்ச்சக்காரப் புள்ளைக்குத் தண்ணி குடுத்ததுக்கு அரைப்பேரா? எந்த ஊரு ஞாயம் இது?”

“கனடா ஊர் நியாயம். சத்தத்தைக் குறைத்துப் பேசு, இராக்கம்மா. இது கல்லூரி.”

“கல்லூரியா? கட்டில்ல ஒரு தடிமாட்டப் படுக்கப்போட்டுச் சோறு ஊட்டுற எடத்துக்குப் பேரு கல்லூரியா?”

“என்னைய எதுக்குத் தாயி இழுக்குற? நானா வந்து படுத்தேன்?” இது கட்டிலில் இருந்தவரின் குரல்.

“நீ வாய மூடிக்கிட்டுப் படு!”

“படுத்துத்தான் இருக்கேன்.”

எழுபத்தொன்பதாம் ஆண்டு, பதுளைக் கடைவீதியில், அலவி ஹாஜியார் கட்டடத்தின் மரப்படிகளில் நடந்த சண்டை இது. அந்தப் படிகளுக்கு நேர் கீழே என் பொத்தான் கடை. மாடியின் தளம் பலகை; பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. மேலே யாராவது பெருமூச்சு விட்டால் என் கல்லாப்பெட்டியில் தூசி விழும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. வீடு தேடி வந்த செய்தியை வா என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர் கல்லூரியின் தலைவர் நல்லையா. ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டையும், பேர் பதியும் செக்ரோலையும் விட்டு வந்த பிறகு, அவருக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. கடைவீதியில் நடக்கும்போதுகூட எதிரே வருகிறவர்களை எண்ணிக்கொண்டே போவார். அந்த நேரத்தில் மிஷன் ஆட்கள் மூலம் ஒரு செய்தி வந்தது: கனடாவில் ஒரு கல்லூரி பிரக்டிக்கல் நேர்சிங் படிக்க ஒரு வெளிநாட்டு மாணவியை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளப்போகிறது, ஆவணி மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மா பதுளைக்கு வந்து ஆளைத் தெரிவு செய்வார்.

ஒரே ஒரு இடம். நல்லையா அதற்கு ஒரு கல்லூரியே திறந்துவிட்டார்.

பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். ‘ஊவா கனேடிய செயன்முறைத் தாதியர்’ என்பது எங்கள் கட்டடத்தின் மேல் அடங்கியது. ‘ஆயத்தக் கல்லூரி’ என்பது பக்கத்துக் கட்டடத்தில் புவாத்தின் சலூனுக்கு மேல் போய் நின்றது. முடிவெட்ட வந்தவர்கள் சிலர் சேர்க்கை விசாரித்துவிட்டுப் போனார்கள். புவாத்தும் சளைக்காமல் பதில் சொல்லி அனுப்பினான்.

திறப்பு விழாவில் நல்லையா ஆற்றிய உரையை நான் அண்ணாந்து பார்த்தபடி முழுதும் கேட்டேன்.

“தாதித் தொழில் என்பது இரக்கமல்ல, இரக்கம் எவருக்கும் வரும். தாதித் தொழில் என்பது ஒழுங்கு. ஒழுங்கு என்பது வரிசை. வரிசை என்பது பெரட்டு. வாழ்நாளெல்லாம் நான் பெரட்டு எடுத்தவன். கனடாக்காரர்கள் வெளிநாட்டு மாணவி வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த நாட்டுக்கும் வெளிநாடு, இந்தியாவுக்கும் வெளிநாடு. இவர்களைவிடத் தகுதியானவர்கள் உலகத்தில் உண்டா?”

எல்லோரும் கை தட்டினார்கள். பிரஜாவுரிமை இல்லாத பிள்ளைகளின் தகப்பன்மார்தான் பலமாகத் தட்டினார்கள்.

சேர்ந்த பெண்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருத்தி ஹம்ஸியா, அலவி ஹாஜியாரின் மகள். கொன்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். மற்றவள் ரெங்கம்மா. பூனாகலைப் பக்கத்துத் தோட்டம். தகப்பன் இல்லை. அவர் சாகும் முன் செய்த ஒரே நல்ல காரியம், அலைந்து திரிந்து பிரஜாவுரிமை வாங்கி வைத்தது.

ரெங்கம்மாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. மேலே இடைவேளை விட்டால் தடதடவென்று இறங்கி என் கடைக்கு வருவாள். “பண்டாரவளை பஸ் போயிருச்சாண்ணே?” என்று கேட்பாள். போகவேண்டியதில்லை, சும்மா கேட்பாள். பதில் வருவதற்குள் கலந்து கிடக்கும் பொத்தான்களை இரண்டு கையாலும் பிரித்துப் போடத் தொடங்கிவிடுவாள்.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை ஒரு சட்டம் போட்டிருந்தார்: லயத்து வரிசை வீடுகளில் காம்பரா என்கிற ஓர் அறை வேண்டுமென்றால் அந்தக் காம்பராவிலிருந்து இரண்டு பேராவது செக்ரோலில் இருக்க வேண்டும். தகப்பன் போனபிறகு இராக்கம்மாவின் பேர் ஒன்றுதான் மிச்சம். ஆவணிக்குள் ரெங்கம்மா கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டும். இல்லாவிட்டால் காம்பரா போய்விடும். கனடாவும் ஆவணி, காம்பராவும் ஆவணி. தாய்க்கும் மகளுக்கும் அந்த வருஷம் ஆவணியைத் தவிர வேறு மாதமே இருக்கவில்லை.

இனிக் கல்லூரியின் பாடங்களுக்கு வருகிறேன்.

விடிகாலையில் மாடியில் பெரட்டு. நல்லையா தொண்டையைச் செருமினால் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய பாடத்தில் குறை இருந்தால் அரைப்பேர். தோட்டத்தில் அரைநாள் வேலைக்கு அரைநாள் சம்பளம் போடுவதை அப்படிச் சொல்வார்கள். இங்கே சம்பளமே கிடையாது, ஆனால் அதில் பாதியை அவர் வெட்டிக்கொண்டிருந்தார். பரீட்சை அன்று முழுப்பேர்க்காரிகள் மட்டுமே வெள்ளைக்கார அம்மாவின் முன்னால் நிற்கலாம் என்பது சட்டம்.

முதல் பாடம் கனேடியப் புன்னகை. பல் தெரிய வேண்டும், ஈறு தெரியக் கூடாது. பெண்கள் படிக்கு ஒருத்தியாக நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைத்துப் பழகினார்கள். என் கடைக்கு வந்த இரண்டு மௌலவிமார் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். தையல்காரர் இத்ரூஸ் மட்டும் ஒரே நாளில் நான்கு தடவை நூல் வாங்க வந்தார்.

இரண்டாம் பாடத்துக்கு நோயாளி தேவைப்பட்டது. வருத்தக்காரர்களை நம்ப முடியாது. ஒன்று குணமாகிவிடுவார்கள், அல்லது மற்றது. ஆகவே நல்ல ஆரோக்கியமான ஒரு நோயாளியை நல்லையா தேடினார். கடைவீதியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அழகர் கிடைத்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகுட்டி இல்லை, ஒரு காலத்தில் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மூன்று வேளைச் சாப்பாடும் கட்டிலும் என்றதும் மனிதர் சொர்க்கம் கிடைத்ததுபோல ஏறிப் படுத்தார்.

இறங்க விடவில்லை.

சோற்றைப் பெண்கள் ஊட்டினார்கள். முகத்தைப் பெண்கள் துடைத்தார்கள். பின்பக்கம் போகவேண்டுமென்றால் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேராகத் தூக்கிப் போனார்கள். “ஐயா, செத்த நேரம் எந்திரிச்சு நடந்துட்டு வந்து படுத்துக்கிறேனே” என்று அழகர் கெஞ்சினார். நல்லையா சொன்னார்: “நோயாளி எழுந்தால் பாடத்திட்டம் படுத்துவிடும்.”

தொடுவதற்கு முன் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் பெயர் என்ன, எப்படித் தூங்கினீர்கள், இன்றைக்கு வானிலை எப்படி. வகுப்பிலுள்ள அத்தனை பெண்களும், ஒருவர்பின் ஒருவராக, ஒவ்வொரு காலையும்.

“உங்க பேரு என்னங்க?”

“நேத்துச் சொன்னதுதான் தாயி. ராத்திரியில மாறல.”

“எப்படித் தூங்கினீங்க?”

“எங்க தூங்க விட்டீங்க? பகல் பூராவும் படுத்திருந்தா ராத்திரி தூக்கமா வரும்?”

“இன்னைக்கு வானிலை எப்படிங்க?”

“ஜன்னலப் பூட்டி வச்சுட்டு என்கிட்ட கேட்டா?”

இரவெல்லாம் அவர் புரள்வதில் கட்டில் கிரீச்சிடும் என்று பின்னறையில் தங்கியிருந்த தோட்டத்துப் பெண்கள் சொன்னார்கள். பகலில் அதை நானே கேட்டேன். என் வீட்டுக்காரி ஸைனப் ஒருநாள் சோறு கொண்டுவந்தபோது அண்ணாந்து பார்த்து, “அந்த மனிசனுக்கு என்ன நோவாம்?” என்று கேட்டாள்.

“ஒண்டும் இல்லையாம்.”

“அல்லாவே, அப்ப அது பெரிய நோவுதான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இராக்கம்மா மகளைப் பார்க்க வருவாள். வந்ததும் மகளிடம் “பேர் பதியப் போறியா இல்லையா?” என்று ஒரு பாட்டம். அது முடிந்ததும் கட்டிலைப் பார்த்து இன்னொரு பாட்டம். “கையும் காலும் கல்லுமாதிரி வச்சுக்கிட்டுப் பொம்பளப் புள்ளைங்க கையால திங்கிறியே, வெக்கமா இல்ல?” அழகர் பதிலுக்கு ஏதாவது சொல்லுவார். அவள் திட்டிக்கொண்டே மடியிலிருந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்து, நல்லையா பார்க்காத நேரம், அவர் கையிலேயே கொடுப்பாள். சொந்தக் கையால் சாப்பிட அவருக்குக் கிடைத்த ஒரே சாப்பாடு அதுதான். மூன்றாவது ஞாயிறு முதல் அவள் கொண்டுவரும் பொட்டலம் கொஞ்சம் பெரிதாகியிருந்ததை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க நான் என்ன குருடனா?

அதற்குப் பிறகு குளிர்காலப் பாடம் வந்தது. கனடாவில் பனி, பதுளையில் வெயில். நல்லையா தனக்குத் தெரிந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பெண்களை அழைத்துப்போனார். கொழுந்தை வாட்டும் மேல்தட்டில் பெரிய காற்றாடிகள் உண்டு. கொழுந்துக்குப் பதிலாகப் பெண்களை அங்கே பரப்பினார். மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளிதான் கனேடிய மேலங்கி. தண்ணீர் தெளித்துவிட்டுக் காற்றாடியைப் போட்டார்கள். “நடுங்கக் கூடாது! தாதி நடுங்கினால் நோயாளிக்கு நம்பிக்கை போய்விடும்!” என்று தான் மட்டும் காதைச் சுற்றிச் சால்வையைக் கட்டிக்கொண்டு கத்தினாராம். கொழுந்து வாடுவதற்கு இரவு முழுவதும் ஆகும். பெண்கள் மத்தியானத்துக்குள் வாடிவிட்டார்கள்.

மறுநாள் பெரட்டில் ஹம்ஸியாவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். ஒரு தாதியர் கல்லூரிக்குள் முதன்முதலாக உண்மையான நோய் நுழைந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

“அந்தப் புள்ளய இந்தக் கட்டில்ல போடுங்கய்யா. நான் கீழ படுத்துக்கிறேன்” என்றார் அழகர்.

“நீர் நோயாளி. நோயாளிக்கு அபிப்பிராயம் கிடையாது” என்றார் நல்லையா. “அவள் மாணவி. மாணவி படுத்தால் வரவு குறையும். தவிரவும், காய்ச்சல் அடுத்த மாதப் பாடம். அதுவரை அவள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

மேலே பலகை அதிர்ந்தது. ரெங்கம்மா வரிசையை விட்டு விலகி, ஹம்ஸியாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கி வந்தாள். பெயரும் கேட்கவில்லை, வானிலையும் கேட்கவில்லை. என் கடைக்குள்ளே துணிக்கட்டுகளின் மேல் அவளைப் படுக்கவைத்தோம். ஸைனப் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். டாக்டர் வரும்வரை ரெங்கம்மா பக்கத்தைவிட்டு அசையவில்லை. அந்தக் கால்கள் ஓரிடத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹம்ஸியாவுக்கு, அனுமதியின்றி நோயுற்றதற்காக அரைப்பேர். ரெங்கம்மாவுக்கு, பாடம் நடக்காத நோய்க்குச் சேவை செய்ததற்காக அரைப்பேர். அந்த ஞாயிறு இராக்கம்மா கேட்ட கேள்விதான் இந்தக் கதையின் தொடக்கத்தில் நீங்கள் கேட்டது.

சண்டை எப்படி முடிந்தது என்றால், நல்லையா ஹம்ஸியாவின் அரைப்பேரை மட்டும் முழுப்பேராக்கினார். கட்டடம் அவள் வாப்பாவுடையது அல்லவா? ரெங்கம்மாவைக் கல்லூரியிலிருந்தே நீக்கிவிட்டார். தாய் வந்து படியில் சத்தம் போட்டது ஒழுங்கீனமாம்.

“நல்லதாப் போச்சு” என்றாள் இராக்கம்மா. “நாளைக்கே போய்ப் பேரப் பதி.” சொல்லிவிட்டு என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். மகள் அழவில்லை. சிவப்புப் பொத்தான்களையும் வெள்ளைப் பொத்தான்களையும் பிரித்தாள், திரும்பக் கலந்தாள், திரும்பப் பிரித்தாள்.

ஆவணியில் வெள்ளைக்கார அம்மா வந்தார். நல்ல உயரம், நரைத்த தலை, தட்டைச் செருப்பு. மேலே நாற்காலி போதாது என்று என் கடை ஸ்டூலைக் கேட்டார்கள். கொடுத்தேன். ஸ்டூலைக் கவனித்துக்கொள்ள நானும் கூடவே போனேன். அதே நேரத்தில் பின்னறையில் கிடந்த ரெங்கம்மாவின் பெட்டியை எடுத்துப்போகத் தாயும் மகளுமாக வந்திருந்தார்கள். இத்தனை நாள் இழுத்தடித்த பேரை மறுநாள் பதிவதாக, ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம் சொல்லியாகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துப் படி முகப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

அந்த அம்மா கட்டிலைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார்: “இவருக்கு என்ன செய்கிறது?”

“ஒன்றும் இல்லை, மேடம்” என்றார் நல்லையா.

“பிறகு ஏன் படுத்திருக்கிறார்?”

“பாடத்திட்டம், மேடம்.”

அந்த அம்மா கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, “எங்கள் ஊரில் நோயாளியைப் படுக்கவைப்பவள் அல்ல, எழுப்பி நடக்கவைப்பவள்தான் நேர்ஸ். இவரை யாராவது எழுப்புங்கள் பார்ப்போம்” என்றார்.

முழுப்பேர்க்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஈறு தெரியாமல் புன்னகைத்தார்கள். பெயர் கேட்டார்கள், தூக்கம் கேட்டார்கள், வானிலை கேட்டார்கள். “தயவுசெய்து எழும்புங்கள்” என்றார்கள். அழகர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முக்கினார், வியர்த்தார், திரும்பவும் சாய்ந்தார்.

“மாசக்கணக்கா எந்திரிக்காதேன்னு சொல்லி வச்சுட்டு இப்ப எந்திரின்னா, காலு கேக்குமா தாயி? என் காலு எங்க இருக்குன்னே தெரியல” என்றார். கல்லூரி கடைசியில் தன் சொந்த முயற்சியால் ஒரு நோயாளியை உண்டாக்கிவிட்டது.

ஹம்ஸியாவும் தோற்றுத் திரும்பினாள். நல்லையா துவாய்த்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது படி முகப்பில் நின்ற ரெங்கம்மாவிடமிருந்து ஒரு குரல் வந்தது. என் வாழ்நாளில் ஒரு பெண்பிள்ளையின் தொண்டையிலிருந்து அப்படியொரு கங்காணிக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

“ஏய்! பெரட்டு! எந்திரி, எந்திரி! விடிஞ்சது தெரியலயா? பிந்தி வந்தா அரைப்பேருதான்! அழகரு எங்க?”

“இந்தா வந்துட்டேன்!”

அழகர் நின்றுகொண்டிருந்தார். எப்படி எழுந்தார், எப்போது இறங்கினார், அவருக்கே தெரியாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவர் மட்டுமா? முழுப்பேர்க்காரிகள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இராக்கம்மாவின் கை நெற்றிக்குப் போய், அங்கே இல்லாத கூடைக் கயிற்றைச் சரிசெய்தது. நல்லையா நாற்காலியைவிட்டு எழுந்து, சட்டைப்பையில் பென்சிலைத் தேடிக்கொண்டே, “அழகர், வந்தாச்சு” என்றார்.

வெள்ளைக்கார அம்மா கேட்டார்: “அந்தப் பெண் என்ன சொன்னாள்?”

“எப்படித் தூங்கினீர்கள் என்று விசாரித்தாள், மேடம்.”

“மற்றவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்?”

நல்லையா திரும்பிப் பார்த்தார். தானும் வரிசையில் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. “எல்லோருமே நன்றாகத் தூங்கினோம், மேடம்.”

எல்லோரும் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் அழகரின் முழங்கால் மடங்கிவிட்டது. ஆனால் அவர் விழவில்லை. ரெங்கம்மா எப்போதோ குறுக்கே வந்து அவருடைய கையைத் தன் தோளில் வாங்கியிருந்தாள். “மெதுவா, மாமா. என் மேல பாரத்தப் போடுங்க. ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வரலாம்.” ஜன்னல்வரை போனார்கள். அவள் ஒரு கையால் ஜன்னலைத் திறந்தாள். “வெளிய வெயிலடிக்குது, பாருங்க” என்றாள். அழகர் நின்று வெயிலைப் பார்த்தார். திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். அந்த அம்மா கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹம்ஸியாவைக் கூப்பிட்டு ரெங்கம்மாவைப் பற்றி விசாரித்தார். அவள் காற்றாடி, காய்ச்சல், கொத்தமல்லி எல்லாவற்றையும் தண்ணீர் மாதிரிக் கொட்டிவிட்டாள்.

“இந்தப் பெண்தான்” என்றார் அந்த அம்மா. “ஆனால் இவள் ஏன் மற்றவர்களோடு நிற்கவில்லை?”

“இவள் நீக்கப்பட்டவள், மேடம்” என்று பாதி சொன்ன நல்லையா, மூச்சுவிடாமல் மீதியையும் சொன்னார்: “நீக்கம் எங்கள் பாடத்திட்டத்தின் மிக உயர்ந்த படி. எல்லோராலும் அதை அடைய முடியாது.”

இடம் கிடைத்தது. ஆனால் காம்பரா?

“ஒன்னய லயத்த விட்டு வெளிய தள்ளிட்டு நான் கனடாவில போயி யாருக்கும்மா கால் பிடிக்கிறது? நான் போகல” என்றாள் மகள். “போகலேன்னா காலை ஒடிச்சிருவேன்” என்றாள் தாய். ஆவணி முடியப்போகிறது. என் கடை வாசலில் ரெங்கம்மா பஸ்ஸைக் கேட்டபடி உலாத்தினாள். எனக்கே இருப்புக் கொள்ளவில்லை; ஒரு டசின் பொத்தானுக்குப் பதின்மூன்று கொடுத்து அனுப்பினேன்.

நடக்கத் தொடங்கியதும் அழகருக்குக் கல்லூரியில் வேலை போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவர் படியின் கீழே காத்திருந்தார். இராக்கம்மா வந்தாள். வழக்கம்போல ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினாள், வழக்கம்போலத் திட்டினாள்.

“எந்திரிச்சாச்சுல்ல, இனி என்ன செய்யப்போற? மறுபடி மூட்டையா?”

“ஒங்க தோட்டத்துல கவ்வாத்துக்கு ஆள் பத்தலையாமே.”

“ஆமா. அதுக்கு?”

“பேர் பதியலாம்னு பார்த்தேன். ஆனா எந்தக் காம்பரான்னு கேப்பாங்களே.”

இராக்கம்மா ரொட்டியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக ஒரு பொத்தானைக் கீழே போட்டுவிட்டுத் தேடினேன்.

“கேட்டாச் சொல்ல வேண்டியதுதான்” என்றாள்.

ஆவணிக் கடைசி வெள்ளியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றினார்கள். மறுநாள் காலைப் பெரட்டில் அழகரின் பேர் ஏறியது. துரையின் சட்டப்படி காம்பராவுக்கு இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ரெங்கம்மா பண்டாரவளையில் ரயிலேறினாள். அங்கேயும் காலையில் நேர்ஸ்மாரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்களாம், ஆனால் அரைப்பேர் கிடையாது என்று ஹம்ஸியாவுக்கு எழுதியிருந்தாள். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு மலையாளத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். ஹம்ஸியா பண்டாரவளையில் ஷுக்ரி என்பவரைக் கல்யாணம் முடித்துக்கொண்டு அந்த ஊருக்கே போய்விட்டாள். நல்லையா கல்லூரியைப் பலகையோடு எல்லவுக்கு மாற்றினார். அங்கே ஆஸ்திரேலியாவுக்கு ஆயத்தம் செய்வதாகக் கேள்வி. புவாத்தின் சலூனுக்கு வெளிச்சம் வந்தது.

கட்டிலை அலவி ஹாஜியார் கல்யாணப் பரிசாக அழகருக்கே கொடுத்துவிட்டார். லயத்தில் அதன்மேல் விறகு காய்கிறது. அழகர் அதைத் தொடவே மாட்டார், பாயில்தான் படுக்கை. பொழுது விடிவதற்கு முன்னால், கங்காணியின் சத்தம் வருவதற்கும் முன்னால், இராக்கம்மா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எழுப்புகிறாளாம்.

“ஒங்க பேரு என்னங்க?”

“நேத்துச் சொன்னதுதான் தாயி. ராத்திரியில மாறல.”

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காம்பராக்காரர்களும் என் கடையில்தான் பொத்தான் வாங்குகிறார்கள். லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை.